வாதத்துல ஓட்டை எங்க, ஆதாரத்துக்கு எடை எவ்ளோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த சப்ஜெக்ட்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள ஒரே இடத்துல போட்டுருக்கேன். வரிசையா படிக்கணும்னு இல்ல, வேணுங்கறத மட்டும் படிச்சுட்டுப் போலாம். ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், இதுல பாதிக்கு மேல ஃபாலசிங்களோட, அதாவது ஓட்டை வாதங்களோட, பேரப் பத்தி இருக்காது, ஒரு ஆதாரத்துக்கு எவ்ளோ எடை குடுக்கலாம்ங்கறதப் பத்திதான் இருக்கும். ஜனங்க நெசமா மாட்டிக்கிறது அங்கதான்னு நான் நெனைக்கிறேன்.

லாஜிக்கல் ஃபாலசின்னா என்னங்க, சிம்பிளா சொல்லுங்க

ஒருத்தர் ஒரு முடிவு சொல்றாரு, அதுக்கு ஒரு காரணம் சொல்றாரு. அந்தக் காரணத்துலேருந்து அந்த முடிவு வரல, ஆனா கேக்குறப்போ வர்ற மாதிரியே இருக்கு. அதான். பொய் சொல்றது வேற, இது வேற. சொன்ன தகவல் எல்லாமே நெசமா இருக்கலாம், இருந்தாலும் முடிவு அதுலேருந்து கெளம்பாது.

இதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு அமைப்புலயே தப்பு. "மழை பேஞ்சா தரை நனையும், தரை நனைஞ்சிருக்கு, அப்போ மழை பேஞ்சிருக்கு". யாராச்சும் தண்ணி கொட்டிருந்தாலும் தரை நனையும்ல. மழை, தரைக்குப் பதிலா எந்த வார்த்தையப் போட்டாலும் இந்த அமைப்பு தப்புதான், அதுல பேச்சே இல்ல. இன்னொண்ணு அமைப்பு சரியா இருக்க மாதிரி தெரியும், உள்ள இருக்க சரக்குலதான் கோளாறு. நம்ம தெனமும் பாக்குற முக்கால்வாசி இந்த ரெண்டாவது ஜாதிதான், இதுல தப்பா இல்லையான்னு எடத்தப் பொறுத்துதான் சொல்ல முடியும், பேர மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது.

அந்தப் பேருங்க எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணணுமா ப்ரோ?

தேவையே இல்ல. ஒரு பத்துப் பதினஞ்சு தெரிஞ்சா ஒடனே கண்ணுல படும், அந்த அளவுக்கு உபயோகம் உண்டு. ஆனா பேரு தெரிஞ்ச ஆளு பண்ற அட்டகாசம் இருக்கே, எதிர்ல யாரு வாயத் தொறந்தாலும் "இது ஸ்ட்ராமேன்" (சொல்லாதத சொன்னதா வச்சு அடிக்கிறது), "இது ஆட் ஹோமினெம்" (வாதத்த விட்டுட்டு ஆள அடிக்கிறது)னு ஸ்டிக்கர் ஒட்டிட்டு ஜெயிச்சுட்டேன்னு கெளம்பிடுவாங்க. ஒருத்தர் சொன்ன காரணம் ஓட்டைங்கறதுக்காக அவரோட முடிவு தப்புன்னு ஆகிடாது. "பூமி உருண்டைன்னு எங்க தாத்தா சொன்னாரு, அதனால உருண்டை"ன்னு ஒருத்தன் சொன்னா காரணம் படு வீக்கு, ஆனா பூமி உருண்டதான். ஓட்டையக் காட்டிட்டோம்னா "இந்தக் காரணம் செல்லாது, வேற ஏதாச்சும் இருக்கா?"ன்னு கேக்க உரிமை வருது, அவ்ளோதான் வருது.

"அவன் காசு வாங்கிட்டுப் பேசுறான்"னு சொன்னா அது ஆள அடிக்கிறதா, இல்ல நியாயமான சந்தேகமா?

ரெண்டும் ஆகலாம், அதனாலதான் இது நல்ல கேள்வி. சிகரெட் கதைய எடுத்துக்கோங்க. 1950ல ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில்னு பிரிட்டன்ல ரெண்டு பேரு நுரையீரல் புத்துநோய்க்கும் புகை பிடிக்கிறதுக்கும் பலமான தொடர்பு இருக்குன்னு ஆய்வு வெளியிட்டாங்க. அத எதுத்தது யாரோ தெருவுல போறவர் இல்ல, ரொனால்ட் ஃபிஷர், நவீன புள்ளியியலுக்கே அஸ்திவாரம் போட்டவர்ல ஒருத்தர். அவரு சொன்னது என்னன்னா, புகை பிடிக்கத் தூண்டுற ஏதோ ஒரு மரபணுவே புத்துநோயையும் வரவைக்கலாமே, அப்போ சிகரெட் குற்றவாளி இல்லையேன்னு. அவரு பைப் பிடிக்கிறவரு, புகையிலை கம்பெனிங்களுக்குக் காசு வாங்கிட்டு ஆலோசகரா வேற இருந்தாரு.

இப்போ "காசு வாங்கினவரு, அதனால அவரு வாதம் தப்பு"ன்னா அது ஃபாலசி. வாதம் சரியா தப்பாங்கறது அவரு பாக்கெட்ல என்ன இருக்குங்கறதப் பொறுத்தது கெடையாது, அந்த மரபணுக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். பதிலும் வந்துச்சு, அத கீழ சொல்றேன், அழகான பதில். ஆனா "காசு வாங்கினவரு, அதனால அவரு சொல்ற தகவல அப்படியே எடுத்துக்காம இன்னொரு எடத்துல சரிபாக்குறேன்"னா அது முழுக்க நியாயம். ஒருத்தர் வாதமா சொல்றத நாமளே சோதிச்சுக்கலாம், ஆளு யாருன்னு தேவையில்ல. சாட்சியா சொல்றப்போ, அதாவது "என்ன நம்பு, நான் பாத்தேன், என் டேட்டா இப்படி சொல்லுது"ன்னு சொல்றப்போ, ஆளு யாருங்கறது ரொம்பவே முக்கியம்.

எக்ஸ்பர்ட் சொன்னா நம்பணுமா கூடாதா, ஒரே வார்த்தைல சொல்லுங்க

ஒரே வார்த்தைல முடியாது. எல்லாத்தையும் நம்மளே சோதிக்க நேரமும் இல்ல, அறிவும் இல்ல, அதனால எக்ஸ்பர்ட்ட நம்புறது ஃபாலசி கெடையாது. ஆனா அவரு பேசுறது அவரோட துறையா, அந்தத் துறைல மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு ரெண்டையும் பாக்கணும். லைனஸ் பாலிங்னு ஒருத்தர், 1954ல வேதியியலுக்கு நோபல், 1962ல அமைதிக்கு நோபல், ரெண்டையும் வேற யார்கூடவும் பங்கு போடாம தனியா வாங்கினவரு. அப்படிப்பட்டவரு நெறைய வைட்டமின் சி சாப்புட்டா ஜலதோஷமே வராதுன்னு பிரச்சாரம் பண்ணாரு. அதுக்கப்புறம் நடந்த ஏகப்பட்ட சோதனைங்கள ஒண்ணாச் சேத்துப் பாத்தா, சாதாரண ஆளுங்களுக்கு ஜலதோஷம் வர்றத அது தடுக்கல, தெனமும் சாப்புட்டு வந்தா வந்த ஜலதோஷம் கொஞ்சூண்டு சீக்கிரம் போகுது, அவ்ளோதான். ரெண்டு நோபல் ஒரு தட்டுல, நல்லாப் பண்ண சோதனைங்க இன்னொரு தட்டுல வச்சா, சோதனைங்கதான் கனம்.

எல்லா எக்ஸ்பர்ட்டும் ஒரே பக்கம், ஒத்த எக்ஸ்பர்ட் மட்டும் எதிர்ப்பக்கம்னா அந்த ஒத்த ஆளையே தேடிப் புடிச்சு மேற்கோள் காட்டுறாங்க பாருங்க, அங்க உஷாரா இருங்க. எந்த முடிவுக்கும் தேடினா ஒரு டாக்டர் கெடைப்பாரு.

அன்னைக்கு கலீலியோவப் பாத்தும்தான் சிரிச்சாங்க?

சிரிச்சாங்க. சிரிப்பு வாங்கின எல்லாரும் கலீலியோ ஆகிடல. பேரி மார்ஷல்னு ஆஸ்திரேலிய டாக்டர், ராபின் வாரன்கூட சேந்து, வயித்துப் புண்ணுக்குக் காரணம் ஒரு பாக்டீரியான்னு சொன்னப்போ நெறைய பேரு ஏத்துக்கல. 1984ல அவரு அந்தக் கிருமியவே குடிச்சுக் காட்டினாரு, வயித்துல அழற்சி வந்துச்சு. ஆனா அந்த நாடகத்தால மட்டும் ஜெயிக்கல, கிருமிய ஒழிச்சா புண்ணு திரும்ப வர்றது கொறையுதுன்னு சோதனை மேல சோதனை வந்துச்சு, 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. "என்ன எதுக்குறாங்க, அதனால நான் சரி"ன்னு அவங்க எந்த எடத்துலயும் வாதாடல, அதான் வித்தியாசம்.

ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு நடந்தா, மொதல்ல நடந்தது காரணம்தானே?

காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான் இது. நம்ம மூளை இப்படித்தான் யோசிக்கும், யோசிக்காம இருக்க முடியாது, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா சரிபாக்காம விட்டா பெரிய சேதம் வரும்.

தடுப்பூசி விஷயம் பாருங்க. 1998ல ஒரு பெரிய மருத்துவ இதழ்ல வெறும் 12 கொழந்தைங்கள வச்சு ஒரு கட்டுரை வந்துச்சு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்துப் போடுற ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம்ங்கற மாதிரி. ஊசி போட்ட கொஞ்ச நாள்ல அறிகுறி தெரிஞ்சுதுன்னு பெத்தவங்க சொன்னதுதான் அதுல பெரிய பகுதி. அந்த ஊசிய சுமாரா ஒரு வயசுல போடுறாங்க, ஆட்டிசம் அறிகுறிய பெத்தவங்க பொதுவா கவனிக்க ஆரம்பிக்கிறதும் அதே வயசு வாக்குலதான். அதனால சம்பந்தமே இல்லன்னாலும் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துலதான் நடக்கும். இத எப்படி சோதிக்கிறது? ஊசி போடாத கொழந்தைங்களையும் எண்ணணும். டென்மார்க்ல எண்ணினாங்க, 5 லட்சத்துக்கும் மேல கொழந்தைங்க, 2002ல முடிவு வந்துச்சு, போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் ஆட்டிச விகிதத்துல வித்தியாசம் இல்ல. 12 பேரு கட்டுரைய அந்த இதழே 2010ல வாபஸ் வாங்கிடுச்சு.

அதனால "இதுக்கப்புறம் அது நடந்துச்சு"ன்னு யாராச்சும் சொன்னா நான் மொதல்ல கேக்குறது ஒரே கேள்விதான்: இது நடக்காத எடத்துல அது எவ்ளோ தடவ நடந்துச்சு? இதுக்குப் பதில் இல்லன்னா பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு வச்சுக்கோங்க.

கூடவே இன்னொரு சின்ன விஷயம். ஒடம்பு ரொம்ப மோசமா இருக்கப்போதான் மருந்து தேடுவோம், மார்க் ரொம்பக் கொறைஞ்சாதான் திட்டுவோம். ரொம்ப மோசமான நாளுக்கு அடுத்து வர்றது பெரும்பாலும் கொஞ்சம் சுமாரான நாளாத்தான் இருக்கும், நீங்க எதுவும் பண்ணாட்டியும். அந்தப் பேர மருந்தும் திட்டும் தட்டிக்கிட்டுப் போயிடும்.

சேந்து நடக்குறது காரணம் ஆகாதுன்னா, அப்போ எப்பதான் காரணம் ஆகும்?

மேல விட்ட சிகரெட் கதைக்கு வர்றேன். ஃபிஷர் சொன்ன மாதிரி மறைஞ்சிருக்க ஏதோ ஒரு காரணி ரெண்டையும் இழுத்துட்டு வருதுன்னு வச்சுக்கோங்க. 1959ல ஜெரோம் கார்ன்ஃபீல்டும் கூட சில பேரும் என்ன பண்ணாங்கன்னா, அது நடக்க முடியுமான்னு கணக்குப் போட்டாங்க. புகை பிடிக்கிறவங்களுக்கு நுரையீரல் புத்துநோய் வர்ற வாய்ப்பு சுமார் 9 மடங்குன்னா, சிகரெட்டுக்கு எந்தப் பங்குமே இல்லாம ஒரு மரபணு மட்டும் அந்த வித்தியாசத்த உண்டாக்கணும்னா, அந்த மரபணு புகை பிடிக்கிறவங்க கிட்ட மத்தவங்கள விட கொறைஞ்சது 9 மடங்கு அதிகமா இருந்தாகணும். அப்படி ஒண்ண யாராலயும் காட்ட முடியல. அதுக்கு மேல, நெறைய பிடிக்கிறவங்களுக்கு நெறைய வருது, விட்டவங்களுக்குக் கொறையுது, வேற வேற நாட்டுல வேற வேற முறைல பாத்தாலும் அதே விடை வருது. ஒவ்வொண்ணையும் தனியா எடுத்தா ஒரு சாக்கு சொல்லித் தப்பிக்கலாம், ஆனா எல்லாத்துக்கும் சேத்து ஒரே சாக்கு கெடைக்கல. காரணம்னு முடிவு பண்றது பெரும்பாலும் இப்படித்தான், ஒரே அடில கெடையாது.

அதனால யாராச்சும் ஒரு ஆய்வக் காட்டினா "கோரிலேஷன் காசேஷன் இல்ல"ன்னு ஒரு வரில அடிச்சுட்டுப் போறவங்களப் பாத்தா எனக்குக் கடுப்பாகும். சரி, இல்ல, அப்போ வேற எது அந்தத் தொடர்ப உண்டாக்குதுன்னு நெனைக்கிற, அத சோதிச்சா என்ன தெரியும்? அது வரைக்கும் யோசிச்சாதான் அது வாதம். புகையிலை கம்பெனி ஒண்ணோட 1969 உள் குறிப்புல சந்தேகம்தான் எங்க சரக்குன்னே எழுதி வச்சிருந்தாங்க, பின்னால வெளிய வந்துச்சு. சந்தேகத்த வித்தும் பொழைக்கலாம்.

சாம்பிள் எவ்ளோ பெருசா இருந்தா நம்பலாம்?

பெருசா சின்னதாங்கறதுக்கு முன்னாடி எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட்ங்கற பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அனுப்புச்சு, 20 லட்சத்துக்கும் மேல பதில் வந்துச்சு, ரூஸ்வெல்ட்ட எதுத்து நின்ன லேண்டன் ஜெயிப்பாருன்னு சொன்னாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46 புடிச்சாரு. அட்ரஸ் எல்லாம் டெலிஃபோன் வச்சிருக்கவங்க, கார் வச்சிருக்கவங்க மாதிரி லிஸ்ட்லேருந்து எடுத்தது, பொருளாதாரம் படுத்துக் கெடந்த அந்த நேரத்துல அது வசதியானவங்க பக்கமா சாஞ்ச லிஸ்ட். பத்தாததுக்கு வேல மெனக்கெட்டு பதில் போட்டு அனுப்புறவங்க ஒரு மாதிரி ஆளுங்க, குப்பைல போடுறவங்க வேற மாதிரி ஆளுங்க. அதே தேர்தல்ல கருத்துக்கணிப்பு நடத்தின கேலப்ங்கறவரு ரொம்பவே சின்ன சாம்பிள வச்சு ரூஸ்வெல்ட்தான்னு சரியா சொன்னாரு.

இதுக்கு நேர் எதிரா 1747ல ஜேம்ஸ் லிண்ட்ங்கற கப்பல் டாக்டர், ஸ்கர்வி (வைட்டமின் சி பத்தாம வர்ற நோய்) வந்த 12 மாலுமிங்கள ரெண்டு ரெண்டு பேரா ஆறு ஜோடியா பிரிச்சு, மத்த சாப்பாடெல்லாம் ஒரே மாதிரி வச்சு, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு வைத்தியம் குடுத்துப் பாத்தாரு. ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்புட்ட ரெண்டு பேரும் ஒரு வாரத்துக்குள்ள எழுந்துட்டாங்க. விளைவு பெருசா இருந்து, ஒப்பீடும் நேர்மையா இருந்தா 12 பேரே நெறைய சொல்லும். (அப்படியும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சை சாறு எல்லா மாலுமிக்கும் குடுக்க ஆரம்பிச்சது 1795 வாக்குல, ஆதாரம் இருக்கறது வேற, ஆளுங்க அசையுறது வேற.)

மேல அந்தத் தடுப்பூசி கட்டுரைலயும் 12 பேருதான், இங்கயும் 12 பேருதான். அங்க ஒப்பிட எதிர்க் குழுவே இல்ல, இங்க இருந்துச்சு. எண்ணிக்கைய மட்டும் பாக்குறவங்களுக்கு இது தெரியாது.

நியூஸ்ல "ஆபத்து 100 சதவீதம் அதிகம்"னு போடுறாங்களே, பயப்படணுமா?

எதுலேருந்து எதுக்குன்னு தெரியாம பயப்படாதீங்க. 1995ல பிரிட்டன்ல சில புது வகை கருத்தடை மாத்திரையால ரத்தக்கட்டு வர்ற ஆபத்து ரெட்டிப்பாகுதுன்னு எச்சரிக்கை வந்துச்சு. நெசமாவே ரெட்டிப்புதான், சுமார் 7000 பெண்கள்ல 1 ஆளுக்கு வந்தது 2 ஆளுக்கு. தலைப்புல ரெட்டிப்பு மட்டும் வந்துச்சு, 7000 வரல. நெறைய பேரு பயந்து மாத்திரைய நிறுத்தினாங்க, வேண்டாத கர்ப்பமும் கருக்கலைப்பும் கூடிடுச்சு, கர்ப்பத்துல ரத்தக்கட்டு ஆபத்து அந்த மாத்திரைய விட அதிகம்ங்கறதுதான் இதுல கொடுமை.

சராசரியப் பத்தியும் ஒண்ணு. 1973ல கலிஃபோர்னியாவோட பெர்க்லி பல்கலைல மேல்படிப்புக்கு அப்ளை பண்ண ஆம்பளைங்கள்ல 44 சதவீதம் பேருக்கு எடம், பொம்பளைங்கள்ல 35 சதவீதம். பாத்தா அப்பட்டமான பாரபட்சம். துறைவாரியா பிரிச்சுப் பாத்தப்போ பெரும்பாலான துறைல அப்படி எதுவும் தெரியல, மொத்தமா பாத்தா பெண்கள் பக்கமே லேசா சாஞ்சிருந்துச்சு. நடந்தது என்னன்னா பெண்கள் நெறைய பேரு எடம் கெடைக்கிறதே கஷ்டமான துறைங்களுக்கு அப்ளை பண்ணிருக்காங்க. ஏன் அப்படி அப்ளை பண்ணாங்கங்கறது தனிக் கேள்வி, அதுல வேற பாரபட்சம் ஒளிஞ்சிருக்கலாம், ஆனா அது அட்மிஷன் மேஜைல நடந்தது இல்ல. மொத்தக் கணக்கு ஒண்ணு சொல்லும், பிரிச்ச கணக்கு வேற சொல்லும், ரெண்டும் பொய் இல்ல.

டெஸ்ட் 95 சதவீதம் கரெக்ட்னா, பாசிட்டிவ் வந்தா 95 சதவீதம் நோய் இருக்குன்னுதானே?

இல்ல, இது ரொம்பப் படிச்சவங்களையும் கவுக்குற எடம். கணக்குப் போட்டுப் பாருங்க. 1000 பேருல 10 பேருக்கு ஒரு நோய் இருக்குன்னு வைங்க. டெஸ்ட் அந்தப் 10ல 9 பேரப் புடிக்கும். நோய் இல்லாத 990 பேருல 5 சதவீதம், சுமார் 50 பேருக்குத் தப்பா பாசிட்டிவ் காட்டும். மொத்தம் 59 பாசிட்டிவ், அதுல நெசமா நோய் இருக்கறது 9 பேரு, அதாவது ஆறுல ஒண்ணு கூட இல்ல. டெஸ்ட் உபயோகமில்லன்னு அர்த்தம் இல்ல, 100ல 1ஆ இருந்த வாய்ப்ப 15க்கு ஏத்திருக்கு, அது பெரிய தகவல். முடிவுதான் இல்ல.

இதே தப்பு கோர்ட்ல நடந்தா என்ன ஆகும்? 1999ல இங்கிலாந்துல ரெண்டு கைக்கொழந்தைங்கள இழந்த ஒரு தாய் மேல கொலை வழக்கு. ஒரே குடும்பத்துல ரெண்டு கொழந்தை இயற்கையா திடீர்னு சாகுற வாய்ப்பு 7.3 கோடில 1னு ஒரு டாக்டர் சாட்சி சொன்னாரு. ஒரு கொழந்தை அப்படி சாகுற வாய்ப்பா அவரு எடுத்துக்கிட்ட 8543ல 1ங்கறத அதாலயே பெருக்கி வந்த நம்பர் அது. மொதல் தப்பு, ஒரே வீட்டுல ஒரே மரபணு, ஒரே சூழல், ரெண்டு சாவும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாததுன்னு பெருக்கவே கூடாது. ரெண்டாவது தப்பு இன்னும் ஆழம். அந்த நம்பர் சரின்னே வச்சாலும், அவங்க நிரபராதியா இருக்க வாய்ப்பு 7.3 கோடில 1னு ஆகாது, ஏன்னா ஒரு தாய் தன்னோட ரெண்டு கொழந்தையையும் கொல்றதும் அபூர்வத்துலயும் அபூர்வம்தான். ரெண்டு அபூர்வத்துல எது கொறைஞ்ச அபூர்வம்னு ஒப்பிட்டுருக்கணும், ஒண்ண மட்டும் காட்டினாங்க. ஆயுள் தண்டனை குடுத்தாங்க. ராயல் புள்ளியியல் சங்கமே 2001ல அந்த நம்பர எதுத்து அறிக்கை விட்டுச்சு, கோர்ட்டுக்கே வராம இருந்த மருத்துவ அறிக்கை ஒண்ணும் அப்புறம் வெளிய வந்துச்சு, 2003ல மேல்முறையீட்டுல விடுதலை ஆனாங்க.

"எனக்கு வேலை செஞ்சுது"ன்னு சொல்றவங்கள என்ன பண்றது?

பொய் சொல்றாங்கன்னு சொல்லாதீங்க, அவங்க சொல்றது நெசமா நடந்திருக்கும். அது ஒரு ஆதாரம்தான், லேசான ஆதாரம். யாருக்கு அது வேலை செய்யலையோ அவங்க பெரும்பாலும் வந்து சொல்ல மாட்டாங்க, அதுதான் பிரச்சனை. படிப்ப நிறுத்திட்டு கம்பெனி ஆரம்பிச்சு கோடீஸ்வரன் ஆனவங்க பேட்டி குடுப்பாங்க, அதே மாதிரி நிறுத்திட்டு ஒண்ணுமில்லாமப் போனவங்கள எந்த டிவியும் கூப்புடாது. ஆனா தனி ஆளு அனுபவத்துக்கு ஒரு எடம் உண்டு, "இப்படி ஒண்ணு நடக்கவே நடக்காது"ன்னு யாராச்சும் சொன்னா ஒரே ஒரு நல்ல உதாரணம் போதும் அத ஒடைக்க. "வழக்கமா இப்படித்தான் நடக்கும்"ங்கறத நிரூபிக்கத்தான் அது பத்தாது.

"இல்லன்னு நிரூபிச்சுக் காட்டு"ன்னா?

சொன்னவங்கதான் காட்டணும், அதுல மாத்தம் இல்ல. ஆனா ஆதாரம் இல்லாததே ஆதாரம் ஆகுற எடமும் இருக்கு. ரூம்ல யானை இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு, போய்ப் பாத்தீங்க, தெரியல, அப்போ இல்லன்னு சொல்லலாம். ரூம்ல ஒரு கிருமி இருக்குன்னு சொல்றாரு, பாத்தீங்க, தெரியலன்னா ஒண்ணும் சொல்ல முடியாது. அது இருந்திருந்தா நாம தேடின விதத்துல மாட்டிருக்குமாங்கறதுதான் கேள்வி.

ஸ்ட்ராமேன், வாட்டபவுட்டிசம், ஸ்லிப்பரி ஸ்லோப் எல்லாம் வேகமா சொல்லிடுங்களேன்

ஸ்ட்ராமேன், நீங்க சொல்லாதத நீங்க சொன்னதா வச்சு அத அடிக்கிறது. "ஸ்கூல்ல ஹோம்வொர்க்கக் கொறைக்கலாம்"னு சொன்னா "அப்போ புள்ளைங்க படிக்கவே வேணாம்ங்கறியா"ம்பாங்க. எதிராளி சொன்னத அவரே தலையாட்டுற மாதிரி திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் பதில் சொன்னீங்கன்னா இந்தத் தப்பு உங்ககிட்டேருந்து வராது.

வாட்டபவுட்டிசம், "அவங்க மட்டும் யோக்கியமா?" கேள்விக்குப் பதிலா இது வந்தா ஏமாத்து. ஆனா ஒரே தப்புக்கு ஒருத்தருக்கு மட்டும் தண்டனை, இன்னொருத்தருக்கு இல்லங்கறதப் பத்தியே பேச்சுன்னா, அப்போ இது நியாயமான கேள்விதான்.

ஸ்லிப்பரி ஸ்லோப், "இத விட்டா அது வரும், அது வந்தா எல்லாம் போச்சு". ஒவ்வொரு படிக்கும் அடுத்த படி ஏன் வரும்னு காரணம் சொன்னா அது எச்சரிக்கை, சொல்லாட்டி பூச்சாண்டி.

ரெண்டே வழிதான்னு சொல்றது, "எங்ககூட இல்லன்னா எதிரி". மூணாவது வழி பெரும்பாலும் இருக்கும், தேடுங்க.

கோல்போஸ்ட் நகத்துறது, கேட்ட ஆதாரத்தக் குடுத்ததும் "அது பத்தாது, வேற குடு"ங்கறது. இதுக்கு ஒரே மருந்து, ஆரம்பத்துலயே "என்ன காட்டினா ஒத்துப்பீங்க"ன்னு கேட்டு வாங்கிடுறது.

ஒருத்தர் இருபது லிங்க், முப்பது பாயின்ட்னு கொட்டுறாரு, ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணுமா?

சொல்லி முடிக்க முடியாது, ஒரு தப்பு எழுத ஒரு நிமிஷம் போதும், அத சரிபாத்து மறுக்க அரை நாள் ஆகும். நான் சொல்றது, "இதுல உங்களுக்கே ரொம்பப் பலமானதுன்னு தோணுற ஒண்ணக் குடுங்க, அத மட்டும் ஒழுங்காப் பாப்போம்". அது நின்னா அடுத்ததுக்குப் போலாம். அதுவே விழுந்துட்டா மீதி பத்தொன்பதுக்கு எவ்ளோ மரியாதைன்னு அவங்களே யோசிச்சுக்கட்டும். லிங்கத் தொறந்து பாத்தா பாதி நேரம் பத்து எடமும் ஒரே ஒரு பழைய பதிவத்தான் காப்பி அடிச்சிருக்கும், அது பத்து ஆதாரம் இல்ல, ஒண்ணுதான்.

பியர் ரிவ்யூ ஆன பேப்பர்னா கண்ண மூடி எடுத்துக்கலாமா?

வேணாம், அந்த 1998 கட்டுரையும் அப்படி ஒரு இதழ்ல வந்ததுதான். ரிவ்யூ பண்றவங்க, அதாவது அதே துறைல இருக்க மத்த நிபுணருங்க, கட்டுரையப் படிக்கிறாங்க, சோதனைய மறுபடி செஞ்சு பாக்குறதில்ல. அதே விஷயத்த வேற குழு வேற எடத்துல செஞ்சு அதே விடை வந்துச்சான்னு பாருங்க. ஒத்த பேப்பர விட, அந்தக் கேள்விக்கு வந்த எல்லா ஆய்வையும் திரட்டிப் பாத்த தொகுப்பு ஆய்வு பெரும்பாலும் ஒரு படி மேல.

இதெல்லாம் வெளிநாட்டு சரக்கா, நம்மகிட்ட ஒண்ணும் இல்லையா சார்?

அரிஸ்டாட்டில் 13 வகை போலி வாதம் எழுதி வச்சாரு, அதுதான் எல்லாரும் சொல்றது. நம்ம நாட்டுப் பழைய தர்க்க மரபான நியாய தரிசனத்துல தப்பான காரணங்களுக்கு ஹேத்வாபாசம்னு அஞ்சு வகை. தமிழ்ல மணிமேகலைல 29ஆவது காதை கிட்டத்தட்ட முழுசா லாஜிக் கிளாஸ்தான், அறவண அடிகள்ங்கற பௌத்தத் துறவி பாடம் நடத்துறாரு, பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலின்னு வகைவகையா பிரிச்சு. அதாவது சொல்ற முடிவுல கோளாறு, காரணத்துல கோளாறு, உதாரணத்துல கோளாறு. 27ஆவது காதைல அறிவு எங்கெங்க வழுக்கும்னு எட்டு லிஸ்ட் இருக்கு, அதுல திரியக் கோடல், தேராது தெளிதல், கண்டுணராமைன்னு வருது. ஒண்ண இன்னொண்ணா எடுத்துக்கறது, விசாரிக்காமலே முடிவுக்கு வர்றது, கண்ணு முன்னாடி இருந்தும் கவனிக்காம விடுறது. பசங்களுக்கு இலக்கியமா சொல்லிக் குடுக்குறோம், லாஜிக்கா யாரும் சொல்லிக் குடுக்குறதில்ல.

நம்ம பக்கமே தப்பா இருந்தா அத எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இதுதான் கஷ்டம். 1960ல பீட்டர் வாசன்னு ஒரு உளவியல் ஆய்வாளர் ஒரு சோதனை வச்சாரு. 2, 4, 6 ஒரு விதிப்படி வந்த எண்கள், நீங்க வேற மூணு எண்கள் சொல்லுங்க, விதிக்குப் பொருந்துதா இல்லையான்னு நான் சொல்றேன், விதி என்னன்னு நம்பிக்கை வந்ததும் சொல்லுங்கன்னாரு. பெரும்பாலானவங்க மனசுல ரெண்டு ரெண்டா கூடுதுன்னு ஒண்ண வச்சுக்கிட்டு 8, 10, 12ம்பாங்க, பொருந்துது, 20, 22, 24ம்பாங்க, பொருந்துது, சரி கண்டுபுடிச்சாச்சுன்னு தப்பா சொல்லுவாங்க. நெச விதி, எண்கள் ஏறு வரிசைல இருந்தா போதும், அவ்ளோதான். 1, 2, 50ன்னு ஒரு தடவ கேட்டுருந்தா தெரிஞ்சிருக்கும். தன்னோட யோசனை ஒடையுற மாதிரி கேள்வி கேக்க பெரும்பாலானவங்களுக்குக் கை வரல.

அதனால எதையாச்சும் சரிபாக்குறப்போ அத எதுக்குறவங்க பக்கமும் போய்த் தேடுங்க, தேடுறப்பவே "இது தப்பா இருந்தா எனக்கு என்ன கண்ணுல படணும்"னு ஒரு வரி எழுதி வச்சுக்கோங்க. உங்களுக்குப் புடிச்ச செய்தி வந்தா ஆதாரம் கேக்காம ஷேர் பண்றீங்க, புடிக்காத செய்திக்கு மட்டும் பத்துக் கேள்வி கேக்குறீங்கன்னா அங்க ஒரு ஓட்டை இருக்கு.

வீட்டுல பெரியவங்க ஃபார்வர்டு பண்றப்போ மூஞ்சில அடிக்காம எப்படி சொல்றது?

எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க, தனியா சொல்லுங்க. "இது தப்புப்பா"ன்னு ஆரம்பிக்காம "இது எங்கேருந்து வந்துச்சுப்பா, சேந்து பாப்போமா"ன்னு ஆரம்பிங்க. ஃபாலசி பேரு எதையும் எடுக்கவே எடுக்காதீங்க, அந்த வார்த்தை வந்த நிமிஷமே நீங்க அகராதி புடிச்ச புள்ள ஆகிடுவீங்க. அதோட எல்லாத்தையும் திருத்தணும்னு கெளம்பாதீங்க. யாரோட ஒடம்புக்கோ காசுக்கோ சேதம் வர்ற ஃபார்வர்டுன்னா உக்காந்து பேசுங்க, ஏதோ பழைய கோட்டைல புதையல் இருக்குங்கற மாதிரின்னா ஒரு ஸ்மைலி போட்டு விட்டுருங்க.